புட்டுக்குடத்து ஆவியில் சடை: செயற்கைச் சடைமுடியை வீட்டிலேயே செய்யும் விதம்

அண்ணன் மகன் பள்ளி ஆண்டுவிழாவில் சிவன் வேடம் கட்டியபோதுதான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. வாடகைக்குக் கிடைத்த சடாமுடி, ஏதோ தொப்பியில் கறுப்பு நூலைச் சுற்றி ஒட்டியதுபோல இருந்தது. பிள்ளையின் தலையில் வைத்தால் மூக்குவரை இறங்கியது. "நீயே ஒண்ணு செஞ்சு குடு பிள்ளே, கைவேலைதானே" என்று மயினி சொல்லிவிட்டார். நானும் திருவிழாக் கடை ஒன்றில் சவுரிக் கட்டு வாங்கி, முறுக்கி, முனையை மெழுகுவர்த்தியில் காட்டி ஒட்டினேன். வீடு முழுக்கக் கருகிய நாற்றம். மேடை ஏறுமுன்னே பாதி அவிழ்ந்துவிட்டது, மீதி தார் உருண்டையாக இறுகிக் கிடந்தது. தாண்டவம் முடியும்போது சிவபெருமானுக்கு மூன்று சடைதான் மிச்சம். கைதட்டலுக்குக் குறைவில்லை என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் கோயில் கொடை நாடகம், பள்ளி நடனம், சும்மா ஆசைக்குக் கேட்ட காலேஜ் பிள்ளைகள் என்று பலருக்குச் செய்துகொடுத்துவிட்டேன். முதல் தடவை எங்கே தப்பு நடந்தது என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. சூடு காட்டினால் சடை உண்டாகிவிடும் என்று நினைத்தேன். சடையை உண்டாக்குவது கை. ஆவி, கை செய்ததை அப்படியே பூட்டிவைக்கும். கை அரைகுறையாகச் செய்திருந்தால் அரைகுறையையே பூட்டும். பாட்டி தேங்காய்த்தும்பைத் தொடையில் வைத்துத் திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது முதலிலேயே புரிந்திருக்க வேண்டும். தும்பு சரியாகத் திரிபடாத கயிறு, நடுக்கிணற்றில் வாளியை விட்டுவிடும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எதைச் செய்யப்போகிறோம்?

இரண்டு விதம் உண்டு. ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் வாலும் உள்ளது ஒற்றைச் சடை. இரண்டு பக்கமும் வால், நடுவில் மடித்து மாட்டுவதற்குக் கொஞ்சம் இடம் விட்டது இரட்டைச் சடை. வெளியூர்க்காரர்கள் சிங்கிள் எண்டட், டபுள் எண்டட் என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரட்டைச் சடையிலிருந்து தொடங்குங்கள். வளையம் பிடிக்கும் தொல்லை இல்லை, ஒன்றை மடித்தால் இரண்டு வால் தொங்கும், தலை நிறைவாகத் தெரியும்.

தொடங்குமுன் ஒரு நாள் மாலையில் கன்னியாகுமரிக்குப் போய் வாருங்கள். வடக்கிலிருந்து வரும் சாமியார்கள் கோயில் பக்கத்திலோ கடற்கரையிலோ உட்கார்ந்திருப்பார்கள். அசல் சடை எப்படி இருக்கும் என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். (உற்றுப் பார்த்து அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள்.) ஒரு சடைபோல இன்னொன்று இருக்காது. ஒன்று விரல் கனம், பக்கத்தில் இருப்பது கயிற்றுக் கனம். நடுவில் புடைப்பு இருக்கும், வேர்ப்பக்கம் சிலும்பல் இருக்கும். நாம் வீட்டில் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்யத்தான் கை துடிக்கும். அப்படிச் செய்தால் அது வாடகைக் கடைச் சடைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜமைக்காவில் 1930களில் தோன்றிய ராஸ்தஃபாரி நெறிக்காரர்களுக்குச் சடை விரதம் மாதிரி. நம் ஊரிலும் ஒருவருக்குத் தானாகச் சடை விழுந்தால் சாமி வந்ததாகச் சொல்லி வெட்ட மறுக்கும் வீடுகள் உண்டு. நான் முதன்முதலில் செய்ததைத் தலையில் வைத்துக் கண்ணாடி பார்த்தபோது, பக்கத்து வீட்டு மாமி திண்ணையிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டார். விளையாட்டுக்குத்தான் என்று புரியவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஆகவே மாட்டிக்கொண்டு எங்கே போகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் இருக்கட்டும்.

முடி வாங்குவது

வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஃபேன்ஸி ஸ்டோரில் போய் சவுரி என்று கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். ஒன்று மனித முடி. அது இந்த வேலைக்கு ஆகாது. மனித முடியில் ஆவியால் பிடிக்கும் வடிவம் தலைக்குக் குளித்ததும் போய்விடும். இன்னொன்று பளபளக்கும் வழுவழுப்பான நைலான் சவுரி. பின்னலோடு சேர்த்துப் பின்ன அருமையானது, ஆனால் சிக்குப் பிடிக்காது. சிக்கே பிடிக்காத முடியில் சடை எப்படி வரும்?

நமக்கு வேண்டியது கனேகலான். ஜப்பானின் கனேகா கம்பெனி 1957இல் கொண்டுவந்த மோடாக்ரிலிக் என்ற செயற்கை இழை இது. கொதிநீர் ஆவியின் சூட்டிலேயே இளகும், ஆறியதும் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். இழை லேசாகச் சொரசொரப்பாக இருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கடையில் 'ஜம்போ பிரெய்ட்' என்று கேளுங்கள். இல்லை என்றால் ஆன்லைனில் கிடைக்கும். பாக்கெட்டின் மேல் கனேகலான் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் போட்டிருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் வகையாக இருக்கும். அதிலும் சடை செய்யலாம், ஆனால் அதிகச் சூடு கேட்கும். முதல் தடவைக்கு வேண்டாம்.

பாக்கெட்டில் எழுதியிருப்பதை எல்லா நேரமும் நம்ப முடியாது. ஆகவே எரித்துப் பார்க்கும் சோதனை. பத்து இழையை இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேல், வாசல்பக்கம் வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். கனேகலான் தீயைக் கண்டதும் சுருங்கி விலகும், தீயை எடுத்தால் தானே அணையும், கறுப்பாக ஒழுங்கில்லாத கட்டி ஒன்று மிஞ்சும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், கரும்புகை விடும். மனித முடி கோழியிறகு பொசுங்கும் நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் தூளாகும் சாம்பலாகும். அந்தப் புகையை முகர்ந்து பார்க்காதீர்கள். மோடாக்ரிலிக் எரியும்போது வரும் புகை நஞ்சு. மெழுகுவர்த்தி, லைட்டர் இரண்டையும் சடை வேலையில் நான் தள்ளிவைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நிறத்துக்கு எண் இருக்கும். 1 என்றால் மைக்கறுப்பு. 1பி என்றால் லேசாகப் பழுப்பு கலந்த கறுப்பு. 2, 4 என்று போகப்போகப் பழுப்பு ஏறும். 33 செம்பழுப்பு, 27 தேன் நிறம், 613 வெளிறிய பொன்னிறம். கறுப்பு என்றதும் எல்லோரும் 1ஐ எடுப்பார்கள். வெயிலில் போட்டுப் பார்த்தால் அது குடைத்துணி மாதிரித் தெரியும். நம் ஊர் முடிக்கு 1பி தான் சேரும். நான் 1பி மூன்று பங்கு, 4 ஒரு பங்கு கலக்கிறேன். கலப்பது ரொம்பச் சுலபம். இரண்டு கொத்தையும் சேர்த்துப் பிடித்து, நடுவில் இரண்டாக இழுத்துப் பிரித்து, மேலே மேலே வைத்து, மறுபடி இழுங்கள். இருபது தடவை இழுத்தால் இழைக்கு இழை கலந்துவிடும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு சடைக்கு 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் முடியில் பத்துச் சடை, மெலிசாகச் செய்தால் பன்னிரண்டு. பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு எடை மாறும் என்பதால் எண்ணிக்கையைப் பார்க்காமல் கிராமைப் பார்த்து வாங்குங்கள். கொண்டையைச் சுற்றிக் கட்டும் சடைக்கொத்துக்கு இருபது இரட்டைச் சடை, அதாவது 200 கிராம் போதும். முழுத் தலைக்கும் பின்னிச் சேர்ப்பது என்றால் ஐம்பது வேண்டும். அது அரைக் கிலோ. அரைக் கிலோ உளுந்துப் பாக்கெட்டைத் தலையில் வைத்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், கழுத்து பதில் சொல்லும். ஆகவே இந்தக் கட்டுரையில் நாம் செய்யப்போவது கொத்துதான்.

கழுவித் தொடங்குங்கள்

புதுப் பாக்கெட் முடியில் ஒரு பூச்சு இருக்கும். சிலருக்கு அது கழுத்திலும் காதோரத்திலும் அரிப்பைக் கிளப்பும். கட்டை அவிழ்க்காமல், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கப் வினிகர் ஊற்றி, முடியை இருபது நிமிடம் ஊறப்போடுங்கள். மேலே வெள்ளையாக ஆடைபோல ஒன்று மிதந்தால் அதுதான் ஆசாமி. நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி நிழலில் தொங்கவிடுங்கள்.

காய வேண்டும். நன்றாகக் காய வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் துணியே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். அந்த மாதங்களில் ஃபேனுக்கு அடியில் ஒரு இரவு முழுக்க விடுங்கள். ஈரத்தோடு சீவினால் சிக்கு உள்ளே ஏறாமல் மேலேயே உருண்டுவிடும்.

சாமான்கள்

பல் நெருங்கிய சீப்பு ஒன்று, முடிந்தால் இரும்புப் பேன் சீப்பு. பிளாஸ்டிக் என்றால் ஐந்தாவது சடையில் பல் போகும். ஜன்னல் கம்பி. நல்ல ரப்பர் பேண்டு நாலைந்து. துணிக் கிளிப். இரண்டடி நீளத்தில் ஒரு கம்பு, பழைய மாப் கம்பை வெட்டிக்கொள்ளலாம். சின்னக் கத்தரிக்கோல். நூல் வேலைக்கு வைத்திருக்கும் மிக மெல்லிய குரோஷா ஊசி, முக்கால் மில்லிமீட்டரோ அதற்கும் கீழோ. இது கிடைக்குமா என்று நம் ஊரில் யாரும் கவலைப்படத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து நூலும் ஊசியும் இங்கே புழங்குகின்றன. எங்கள் வீட்டு ஊசி சித்தியுடையது. திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆவிக்கு? கையில் பிடித்துத் துணிக்கு ஆவி காட்டும் ஸ்டீமர் இருந்தால் அதுதான் முதல்தரம். இல்லாதவர்களுக்குப் புட்டுக்குடம். மேலே இருக்கும் குழலை எடுத்துவிட்டால் குடத்தின் ஒடுங்கிய வாய் வழியாக ஆவி நேராக, ஒரே இடத்தில் வரும். இட்லிப் பாத்திரத்தில் ஆவி பரந்து போய்விடும். பிரஷர் குக்கரின் மூக்கு ஆவி வேண்டவே வேண்டாம். அந்த வேகத்தில் கை வெந்துவிடும். ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கும் கருவியும் வேலைசெய்யும், ஆனால் மெதுவாக, சீரியல் முடியும்வரை உட்காரத் தயாராக இருக்க வேண்டும். ஒரு முறை சடைக்கு வைத்த குடத்தில் மறுபடி புட்டு அவிக்காதீர்கள். நான் அவித்தேன். அம்மை தேங்காய்ப்பூவுக்கு நடுவிலிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு இழை இழுத்தெடுத்தார். அந்த வாரமே வீட்டுக்குப் புதுக் குடம் வந்தது.

கை வேலை

பாக்கெட் முடி பொதுவாக நடுவில் மடித்து ரப்பர் போட்டிருக்கும். மடிப்பை விரித்தால் ஏறக்குறைய 48 அங்குலம் வரும். ரப்பரை உடனே அறுக்காதீர்கள், எல்லாம் கொட்டிப்போகும். கட்டிலிருந்து 10 கிராம் அளவுக்கு ஒரு கொத்தை மெல்ல உருவுங்கள். முதல் கொத்தைத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும், அடுத்தடுத்தவை கைக்கணக்கில் வந்துவிடும்.

இப்போது கொத்தின் இரு முனையையும் பிடித்து இழுத்து, இழைகளைக் கொஞ்சம் மேலும் கீழுமாக ஆக்குங்கள். எல்லா இழையும் ஒரே இடத்தில் முடிந்தால் சடையின் வால் துடைப்பம்போல நிற்கும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் கத்தரித்துச் சரிசெய்யலாம் என்று நினைப்பார்கள், கத்தரித்தால் இன்னும் துடைப்பமாகும்.

கொத்தின் நடுவை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டுக்கு இரு பக்கமும் ஒரு விரற்கடை அளவுக்குச் சீப்புப் படக் கூடாது. பின்னால் நாடாவில் மாட்டுவதற்கான இடம் அது. ஒரு பாதியைக் கிளிப்பில் ஒதுக்கிவிட்டு, மற்ற பாதியை இடக்கையில் விறைப்பாகப் பிடியுங்கள். கம்பியிலிருந்து மூன்று விரற்கடை தள்ளிச் சீப்பை உள்ளே செலுத்தி, கம்பியை நோக்கித் தள்ளுங்கள். சிக்கெடுக்கும்போது சீப்பு கீழே போகும் இல்லையா, இங்கே மேலே போகிறது. ஏழெட்டுத் தடவை தள்ளினால் அந்த இடம் பஞ்சுபோலத் திரண்டு இறுகும். விரலால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே பொள்ளலாக இருந்தால் இன்னும் தள்ளுங்கள். இறுகியதும் இரண்டு விரற்கடை கீழே இறங்குங்கள்.

இந்த இடத்தில்தான் பொறுமை போகும். கை வலிக்கும்போது சீப்பை நாலு விரற்கடை தள்ளி வைக்கத் தோன்றும். அப்படித் தாண்டிய இடம் பின்னால் மெலிந்து, மடங்கி, முதலில் அங்கேதான் அவிழும். என் சிவபெருமானின் சடைகள் எல்லாம் அவிழ்ந்தது அப்படித் தாண்டிய இடங்களில்தான். முதல் சடைக்கு முக்கால் மணி நேரம் ஆனால் பயப்படாதீர்கள். ஆறாவது சடையில் கால் மணிக்கு வந்துவிடுவீர்கள். முதல் மூன்றைக் கொத்தின் உள்பக்கத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்.

முனை வந்ததும் இரண்டு வழி. கூராக வேண்டும் என்றால் கடைசி இரண்டு விரற்கடையை மெலிதாகச் சீவி விட்டுவிடலாம். மழுங்கலாக வேண்டும் என்றால் கடைசி விரற்கடையை மேலே மடித்து, வெளியே நிற்கும் நாலு இழையை அதன்மேல் சுற்றி, குரோஷா ஊசியால் உள்ளே இழுத்துவிடுங்கள். எனக்கு மழுங்கல்தான் பிடிக்கும், அசல் மாதிரி இருக்கும். ஐந்தில் ஒன்றைக் கூராக விடுவேன்.

இனி முறுக்கு. சிக்கு ஏறிய பாதியைக் கைக்குள் விறைப்பாகப் பிடித்து ஒரே திசையில் திருகுங்கள். எந்தத் திசை என்பது உங்கள் விருப்பம், ஆனால் நடுவில் மாற்றாதீர்கள். விறைப்பைக் கொஞ்சம் விட்டால் பாம்புபோலச் சுருண்டு நெளிய வேண்டும், அந்தக் கட்டத்தில் நிறுத்துங்கள். உள்ளங்கையை லேசாக நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே பக்கமாக உருட்டினால் சிலும்பி நிற்கும் இழைகள் படியும். பாட்டி திரி திரிக்கும்போது தொடையில் விபூதி தடவுவார். நான் தண்ணீர் தொடுகிறேன்.

கயிறு திரித்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தும்புக் கயிற்றில் இரண்டு புரியைத் தனித்தனியாக ஒரு திசையில் முறுக்கி, எதிர்த்திசையில் சேர்ப்போம். அதனால்தான் ஆவி எதுவும் இல்லாமலே கயிறு பூட்டிக்கொள்கிறது. சடை ஒற்றைப் புரி. எதிர்முறுக்கு அதற்குக் கிடையாது. ஆகவே கையை விட்டால் திரும்பி ஓடும். அந்த எதிர்முறுக்கின் வேலையைத்தான் ஆவியிடம் கொடுக்கிறோம்.

ஆவி

முறுக்கிய பாதியை ஜன்னல் கம்பியிலிருந்து எடுத்து, விறைப்பு குறையாமல் மாப் கம்பின் நீளவாக்கில் வைத்து, இரு முனையையும் துணிக் கிளிப்பால் இறுக்குங்கள். மற்ற பாதியைச் சுருட்டிக் கட்டி மேலே வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பு என்றால் இது ரொம்ப முக்கியம். தொங்கும் முடி தீப்பக்கம் போனால், கனேகலான் சட்டென்று பற்றி எரியாவிட்டாலும் உருகிக் கையில் ஒட்டும். குடத்தின் அடி ஒத்துக்கொள்ளும் என்றால் இண்டக்‌ஷன் அடுப்பே நல்லது. கையில் கனமான துணிக் கையுறை போடுங்கள். குடத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வேண்டாம், வற்றவும் விடாதீர்கள். பிள்ளைகள் அடுக்களையில் இல்லாத நேரம் பாருங்கள்.

ஆவி நன்றாக எழும்பியதும், கம்பைக் குடத்தின் வாய்க்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து, இரண்டு விரற்கடைக்குப் பத்து விநாடி என்று மெல்ல நகர்த்துங்கள். முழுக்கப் போனதும் கம்பைத் திருப்பி அடிப்பக்கத்துக்கும் அதே மாதிரி. இழையின் பளபளப்பு கொஞ்சம் குறைந்து, சடை சற்றே சுருங்கி இறுகுவது கண்ணுக்குத் தெரியும். ரொம்ப நேரம் ஒரே இடத்தில் பிடித்தால் இழை நெளிந்து சுருண்டு, தொட்டால் காய்ந்த வைக்கோல்போல ஆகிவிடும். அப்படி ஆனதைத் திருப்ப முடியாது.

அப்புறம் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, டீ போடுங்கள். கிளிப்பைத் தொடாதீர்கள். வடிவம் பிடிப்பது சூட்டில் இல்லை, ஆறும்போதுதான். வெதுவெதுப்பு இருக்கும்போதே அவிழ்த்தால் முறுக்கு பாதி ஓடிவிடும். ஃபேன் காற்றில் ஐந்து நிமிடம், காற்றில்லாத அடுக்களையில் பத்து நிமிடம். நான் மூன்று கம்பு வைத்திருக்கிறேன். ஒன்று ஆறும்போது அடுத்ததுக்கு ஆவி. முடிந்ததும் மற்ற பாதிக்கும் இதே கதை.

ஆறியபின் வெளியே நிற்கும் இழைகளைக் குரோஷா ஊசியால் உள்ளே இழுங்கள். இழுக்க வராத ஒன்றிரண்டைக் கத்தரிக்கலாம். எல்லாவற்றையும் மழுமழுவென்று ஆக்க வேண்டாம். நாற்பத்தெட்டு அங்குலம் சிக்கிலும் முறுக்கிலும் குறைந்து நாற்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். மடித்தால் ஒரு பக்கத்துக்கு இருபது அங்குலம், முதுகின் பாதிவரை வரும்.

கொத்தாகக் கட்டுவது

இதற்குப் பாவாடை நாடாதான் சரி. பருத்தி நாடா, ஒன்றரை மீட்டர். நைலான் நாடா வழுக்கி, ஆட்டத்தின் நடுவில் கொத்து கழுத்துக்கு வந்துவிடும். நாடாவின் நடுவில் ஒரு சாண் நீளத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சடையின் சீவாத நடுப்பகுதியையும் நாடாமேல் மடித்துப் போட்டு, நாடாவுக்கு அடியில் இரண்டு வாலையும் சேர்த்துக் கெட்டியான கறுப்பு நூலால் நாலு சுற்று சுற்றி முடிச்சிடுங்கள். பத்து போட்டதும் அடுத்த பத்தை அந்த இடைவெளிகளின் மேல் இரண்டாம் அடுக்காகப் போடுங்கள். பிறகு சாக்கு ஊசியால் நாடாவையும் சடைத்தலைகளையும் சேர்த்து ஒரு ஓட்டுத் தையல், திரும்பி வந்து இன்னொரு தையல். இந்தத் தையல் இல்லாவிட்டால் சடைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும்.

மாட்டும்போது உங்கள் முடியை உச்சியிலோ பின்னாலோ இறுக்கிக் கொண்டை போடுங்கள். நாடாவைக் கொண்டையின் அடியில் சுற்றி, முன்பக்கம் வராமல் கட்டி, மிச்ச நாடாவைச் சடைக்குள் செருகுங்கள். நாலு கொண்டை ஊசி குறுக்கே. தலையை ஆட்டிப் பாருங்கள், குனிந்து பாருங்கள். சிவன் வேடத்துக்கு என்றால் இரண்டு கொத்து வேண்டும். கீழ்க்கொத்து தோளில் விழட்டும், மேல்கொத்தில் பாதியை உச்சியில் சுருட்டிக் கட்டி அங்கே பிறையைச் செருகலாம்.

அலங்காரத்துக்குக் கன்னியாகுமரிக் கடைகளில் துளை போட்ட சோழி கிடைக்கும். ஒரு கொத்துக்கு ஐந்தாறு போதும். ஆசைக்கு அள்ளிக் கோத்தால் ஓடும்போது முதுகில் அடிக்கும்.

சொந்த முடியோடு சேர்த்துப் பின்ன வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. உங்கள் முடி குறைந்தது ஒரு விரல் நீளம் இருக்க வேண்டும். ஒரு அங்குலச் சதுரமாக வகிடெடுத்து, சடையின் நடுவை வேர்ப்பக்கம் வைத்து, இரண்டு வாலும் இரண்டு கால், உங்கள் முடி மூன்றாவது கால் என்று பின்னி, முடி முடியும் இடத்தில் நூலால் கட்டுவார்கள். முன்நெற்றி ஓரத்து முடியை விட்டுவிடுங்கள், அங்கே வேர் மெலிது. இழுவிசையில் முடி கொட்டினால் சில நேரம் திரும்ப முளைக்காது. இரண்டு நாள் கழித்தும் வலித்தால் அவிழ்த்துவிடுங்கள். ஆறு, எட்டு வாரத்துக்கு மேல் யாரும் வைத்திருக்க வேண்டாம். நம் ஊர் வேர்வையில் எனக்கு ஒரு மாதமே போதும் போதும் என்றாகிவிட்டது.

வைத்துக் காப்பாற்றுவது

சடைக்கொத்தோடு கடலில் இறங்காதீர்கள். முட்டத்தில் ஒரு போட்டோவுக்காக இறங்கிய பெண் ஒருத்தி, மணலையும் உப்பையும் சேர்த்து ஒரு கிலோ கூடுதலாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் மூழ்கவைத்து அலசி, பிழியாமல் துண்டில் அமுக்கி, தொங்கவிட்டுக் காயப்போடுங்கள். சாதாரணமாக அழுக்கானால் ஒரு மூடி ஷாம்பூ கலந்த பச்சைத்தண்ணீர் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் நீங்கள் பூட்டிய பூட்டு திறந்துகொள்ளும். அடுக்களையில் வேலை செய்யும்போது கழற்றிவையுங்கள்.

எண்ணெய் தேய்த்த தலைமேல் கட்டினால் சடைத்தலைகள் ஒரு வாரத்தில் மணக்க ஆரம்பிக்கும், அது நல்ல மணமாக இருக்காது. பெட்டிக்குள் மடித்து வைத்தால் மடிப்பு விழும், தொங்கவிட்டு வையுங்கள். நீண்ட நாள் ஆனபின் ஒரு சடை நடுவில் தளர்ந்தால் கொத்தைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் மட்டும் குரோஷா ஊசியால் இழைகளை உள்ளே இழுத்து, மறுபடி முறுக்கி, கம்பில் கிளிப் போட்டு, ஒரு தடவை ஆவி காட்டி, ஆறவிடுங்கள். அண்ணன் மகனுக்கு இரண்டாவது தடவை செய்துகொடுத்த கொத்து இப்படி மூன்று தடவை ஆவி கண்டு, இப்போது அவன் தங்கைக்குப் போயிருக்கிறது.